முள் தாண்டிய இடம்

ஆறு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஆறு இருபத்தைந்து ஆகிறது, மேடையில் ஒருவன் இன்னும் மைக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறான், செக் செக் என்று. முப்பத்து நாலு வருஷம் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவன் நான், ஆறு மணி நிகழ்ச்சியை ஒரே ஒரு நாள் ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு ஆரம்பித்திருந்தால் மறுநாள் காலையில் மேஜையில் மெமோ இருந்திருக்கும். இவர்களுக்கு யார் மெமோ கொடுப்பது. சரி, இதற்கெல்லாம் கோபப்படக் கூடாது. மகள் ஹேமா அப்படிச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறாள். "அப்பா, அங்க வந்து யார்கிட்டயும் சண்டை போடக் கூடாது. சரின்னா சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்." எழுபத்தாறு வயதில் மகளிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏ.சி. நேராகக் கழுத்தில் அடிக்கிறது. முன்வரிசைக்காரன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான், மேடையில் மைக் தட்டுகிறவனைப் படம் எடுக்கிறான், எதற்கு என்று அவனுக்கே தெரியாது. சொல்லலாமா, தம்பி கையை இறக்கு என்று. வேண்டாம். ஒரு பாட்டு. அந்த ஒரு பாட்டை, அதைப் பாடிய சுகுணவதியே வந்து பாட வேண்டும், அதில் இரண்டாவது சரணம், அதில் ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து ஹேமா கேட்டுவிட்டால் போதும், நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன். மற்றதெல்லாம் எப்படிப் போனால் எனக்கு என்ன.

கோபமில்லை. இதுதான் அந்த வார்த்தை. சிரிப்புத்தான் வரும், எனக்கே வருகிறது, பிரம்மநாயகம் என்கிற மனுஷன் நாற்பத்தெட்டு வருஷமாக இந்த உலகத்தில் தேடுகிற வார்த்தை இது என்றால். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விளக்கு, அது யாருக்குக் காத்திருக்கு, என்று ஆரம்பிக்கும் பாட்டு. எழுபத்து நாலில் வந்த படம், ஒன்பது நாள் ஓடியது, படத்தை எடுத்தவர் அதோடு ஊரை விட்டே போய்விட்டார். பாட்டு மட்டும் தங்கிவிட்டது. ஓடம் வரும் என்று சொல்லி ஒரு கோடை போனது, ஓலை வரும் என்று சொல்லி ஒரு வாடை போனது, வாராமல் போனாலும் கோபமில்லை, வாசல் திறந்திருக்கு. அந்தக் 'கோபமில்லை'யைச் சுகுணவதி பாடியிருக்கும் விதம், அதை எப்படிச் சொல்வது, அதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் விடுவார், கோபம் நிறைய இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டுப் பாடுகிறேன் என்கிற மாதிரி. நான் அப்போது கல்யாணமாகாதவன், மேன்ஷனில் இருந்தேன், சுகுணவதி எப்படி இருப்பார் என்றுகூடத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு படம் போட்டிருந்தார்கள், மை அப்பி மூக்கே தெரியாது. குரல்தான். ஒலிபரப்பு அறையில் மைக்கை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிய நான் தனியாக உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பேன். ஊரே கேட்கிறது, ஆனால் எனக்குத்தான் பாடுகிறார் என்று நினைப்பேன். இருபத்தாறு வயதில் வேறு எப்படி நினைப்பதாம்.

இப்போது யூடியூபில் போய்க் கேளுங்கள், அந்த வார்த்தை கிடையாது. வாராமல் போனாலும் வாசல் திறந்திருக்கு, அவ்வளவுதான், நடுவில் தாளம் ஒரு தாவல் தாவும். கேட்கிறவர்களுக்கு அர்த்தமும் கெடவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல், அர்த்தம் கெட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பான். நான்தான் கெடுத்தேன். எழுபத்தாறில், கல்யாணமாகி ஒரு வருஷம், வீட்டில் உலகம்மாளோடு சண்டை போட்டுவிட்டு, காரணம் ஞாபகமில்லை, போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பி, பஸ்ஸைத் தவறவிட்டு, நேயர் விருப்பத்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ஓடி வந்தேன். ஒரு இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்ததை இரண்டாவது சுழல்மேஜையில் வைத்து முள்ளைச் சரியான இடத்தில் தயாராக நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து டூட்டி ஆபீசர் போனில் கூப்பிட்டு, என்ன மிஸ்டர் இது சத்திரமா என்கிறார். ரிசீவரை ஒரு கையால் அறைந்து வைத்தேன். இன்னொரு கையில் முள் இருந்தது. அதையும் அறைந்து வைத்தேன். கர்ர் என்று ஒரு சத்தம், வெளியே போகவில்லை, எனக்கு மட்டும் கேட்டது. விளக்கில் சாய்த்துப் பார்த்தேன், இரண்டு மூன்று வரிப்பள்ளத்தை உரசிக்கொண்டு முடி மாதிரி ஒரு கோடு. வேறு பாட்டு எடுத்துவர நேரமில்லை, போட்டேன். முதல் சரணம் நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் அந்த இடம் வந்ததும் முள் ஒரு துள்ளு துள்ளிக் கீறலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஊருக்குக் 'கோபமில்லை' கிடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து கடுதாசிக்குக் காத்திருந்தேன். ஒரு கிராமத்துப் பெயரை மாற்றி வாசித்தால் முப்பது கடுதாசி வரும் எங்களுக்கு, கண் தெரியவில்லையா அறிவிப்பாளருக்கு என்று. இதற்கு ஒன்று வரவில்லை. அடுத்த வாரமும் அதே பாட்டைத்தான் கேட்டார்கள், போட்டேன், தாவிற்று. மறு வாரமும். நூலகத்தில் தட்டுகளைப் பார்த்துக்கொண்ட மரியதாஸ் உறையின் மேல் பென்சிலால் 'தேய்மானம்' என்று எழுதி வைத்துவிட்டார். அவருக்குத் தெரியும். தேய்மானம் எப்படி இருக்கும், கீறல் எப்படி இருக்கும் என்று அவரை விடத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார், எழுதி வைத்துவிட்டார். தட்டுப் போட்ட கம்பெனியும் மூடியாயிற்று, வேறு தட்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. ரேடியோவிலிருந்து எவனோ டேப்பில் பிடித்து, அதிலிருந்து பாட்டுப் பதிவுக் கடைக்காரர்கள் கேசட்டில் ஏற்றி, கேசட்டிலிருந்து யாரோ யூடியூபில் போட்டு, இன்றைக்கு உலகத்தில் இருப்பது அந்த ஒரு பிரதிதான். அது என் பிரதிதான் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. பாட்டு முடிந்ததும் கடைசியில் 'நே' என்று ஒரு துணுக்குக் கேட்கும், வெட்டியவன் சரியாக வெட்டவில்லை. நேயர்களே என்று நான் ஆரம்பித்தது. இருபத்தெட்டு வயதுப் பிரம்மநாயகத்தின் குரலில் உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த 'நே' ஒன்றுதான்.

உலகம்மாள் கேட்டுப் பழகியதெல்லாம் கேசட்டில். சமையலறையில் அவள் பாடுவாள், வாராமல் போனாலும் வாசல் திறந்திருக்கு என்று தாவிப் பாடுவாள், தாவலைக்கூடச் சரியாகத் தாவுவாள். நான் ஹாலிலிருந்து, கோபமில்லைன்னு ஒரு வார்த்தை உண்டு அங்கே, என்பேன். "எந்தக் கேசட்டுல உண்டு, போட்டுக் காட்டுங்க பாப்போம்" என்பாள். எங்கே போய்ப் போட்டுக் காட்டுவது. இருந்தது, அப்புறம் போய்விட்டது என்றால், எப்படிப் போயிற்று என்று கேட்பாள். எப்படிப் போயிற்று என்று சொன்னால், அன்றைக்கு எதற்காகச் சண்டை போட்டோம் என்று கேட்பாள். அதற்கு நான் கத்தியே ஜெயித்துவிடலாம் என்று கத்துவேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு சாயந்திரம், ஹேமாவும் இருந்தாள், அவளாகவே மெதுவாக அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. அந்த இடம் வந்ததும் 'கோபமில்லை' என்று கூடச் சேர்ந்து பாடினேன், சரியான இடத்தில், சரியான நிறுத்தத்தோடு. உலகம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பாட்டுல அப்படி ஒண்ணு கிடையாது. கோபமில்லைன்னு நீங்களாச் சொல்லிக்கிடுதீங்க" என்றாள். ஹேமா சிரித்துவிட்டாள். நர்ஸ் பெண்ணும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தாள், அந்தப் பேச்சு வரவில்லை. இரண்டு வருஷமாக நான் அந்தப் பதிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வார்த்தை இருக்கிறது உலகு. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பாடியவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், வந்து பாடப் போகிறார், உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறாள்.

வந்துவிட்டார். இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பச்சைப் பட்டில், இத்தனை சின்ன உருவமா. எண்பத்தொன்று. காதில் மிஷின் இருக்கிறது. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், நானும் எழுந்தேன், முட்டி எழுவதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். தொகுத்து வழங்குகிறவன் ஆரம்பித்துவிட்டான், தேன் என்கிறான் குயில் என்கிறான், மூச்சு விடாமல் பேசுகிறான், அவர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அப்புறம் பொன்னாடை. ஒருவர் போர்த்திவிட்டுப் படத்துக்கு நிற்க, அடுத்தவர், அதற்கடுத்தவர். ஏழாவது பொன்னாடையில் நான் எண்ணுவதை விட்டேன். எண்பத்தொரு வயசுக்காரியின் மூச்சு எவ்வளவுதான் இருக்கும், அதைப் பாட்டுக்கு விட்டு வைக்கக் கூடாதா, எல்லாத்தையும் வணக்கம் சொல்லியே தீர்த்துவிடுவார் போலிருக்கிறதே. "அப்பா, காலை ஆட்டாதீங்க" என்கிறாள் ஹேமா. ஆட்டுகிறேனா. ஆமாம், ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்புறம் ஒருவழியாக முதல் பாட்டு. சுருதியை இறக்கியிருக்கிறார்கள், நன்றாகவே இறக்கியிருக்கிறார்கள். குரல் உடைந்திருக்கிறது. மேலே போகிற இடத்தில் பக்கத்தில் நிற்கிற பெண் எடுத்துக்கொள்கிறாள், சுகுணவதி சிரித்துக்கொண்டு கையால் மட்டும் போகிறார். எனக்கு எரிச்சலாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல், வயது மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வரி முடியும்போதும் கடைசி எழுத்தைச் சட்டென்று விடாமல் கொஞ்சம் வைத்திருந்து விடுவாரே, அது இருக்கிறது, அது அப்படியே இருக்கிறது. அழுகை வந்துவிட்டது எனக்கு. முன்வரிசைக்காரன் போனில் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நேரே பார்க்க முடியவில்லை.

நாலு பாட்டு போயிற்று. எதுவும் முழுசாக இல்லை, பல்லவி ஒன்று, சரணம் ஒன்று, உடனே அடுத்ததற்குத் தாவல். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எல்லாப் பாட்டையும் அவருக்கு முன்னாலேயே பாடி முடித்துக்கொண்டிருந்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். ஹேமா என் முழங்கையைப் பிடித்தாள். அப்புறம் அவரே மைக்கை வாங்கிக்கொண்டார். "அடுத்துப் பாடப் போற பாட்டு எனக்கு மறந்தே போச்சு. ஒரு நாள் காலையில போய்ப் பாடிட்டு வந்ததோட சரி, அப்புறம் பாடவே சந்தர்ப்பம் வரல. ஆனா எங்க போனாலும் ஜனங்க இதைத்தான் கேக்குறாங்க. என் மருமக யூடியூப்ல போட்டுக் காட்டினா. பத்து நாளா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மறுபடி பாடம் பண்ணியிருக்கேன். தப்பு வந்தா மன்னிக்கணும்." சபை கைதட்டியது. எனக்குக் கழுத்தில் அடித்த ஏ.சி. உடம்பு முழுக்கப் பரவிற்று. யூடியூபிலா. அம்மா, வேண்டாம், அதைக் கேட்டுப் பாடம் பண்ணாதீர்கள், அது நான் கெடுத்த பிரதி. நீங்கள் பாடியதை நீங்கள் என்னிடமிருந்தா கற்றுக்கொள்ள வேண்டும். தொகுப்பாளன் உடனே குறுக்கே விழுந்தான். "இந்தப் பாட்டோட இரண்டாவது சரணத்துல ஒரு தாவல் வரும், தாளம் சட்டுன்னு ரெண்டு அடி தாண்டும், இசையமைப்பாளர்களே இன்னைக்கும் வியக்கிற இடம், கவனிச்சுக் கேளுங்க." வியக்கிற இடமாம். உலகு, கேட்டாயா. என் கை அறைந்த அறையை மேதைமை என்கிறான். எழுந்து நின்று கத்தலாமா, டேய், அது முள் தாண்டிய இடம்டா என்று. முன்னால் பத்து வரிசை, பின்னால் இருபது வரிசை. பைத்தியக்காரக் கிழவன் என்று கையைப் பிடித்து வெளியே கொண்டு போய் விடுவார்கள், ஹேமாவும் அவர்களோடு சேர்ந்து பிடிப்பாள்.

ஆற்றுக்கு அக்கரையில். முதல் வரியிலேயே அரங்கம் அடங்கிவிட்டது. இந்தப் பாட்டுக்குப் பெரிய குரல் தேவையில்லை, இருக்கிற குரல் போதும், பக்கத்தில் நிற்கிற பெண்ணும் மரியாதையாக மைக்கை இறக்கிக்கொண்டாள். முதல் சரணம். இடையில் புல்லாங்குழல், நல்ல பையன், ஒழுங்காக வாசிக்கிறான். இரண்டாவது சரணம். ஓடம் வரும் என்று சொல்லி. ஹேமா பக்கம் பார்த்தேன், அவள் உதடு அம்மாவின் உதடு மாதிரியே அசைகிறது. ஓலை வரும் என்று சொல்லி. வேண்டாம் என்று நினைக்கிறேனா வேண்டும் என்று நினைக்கிறேனா, எனக்கே தெரியவில்லை. வாராமல் போனாலும். நின்றார். ஒரு சின்ன நிறுத்தம், அதே நிறுத்தம், யூடியூபில் இல்லாத நிறுத்தம், கண்ணை மூடியிருந்தார், பத்து நாள் பாடம் பண்ணினது எல்லாம் எங்கேயோ போய், தொண்டை தானாக, 'கோ' என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், 'கோ' என்றார். அதற்குள் டிரம்ஸ்காரன் தாவிவிட்டான். கீபோர்டு தாவிவிட்டது, மொத்தக் குழுவும் அழகாகச் சேர்ந்து தாவி வாசலில் போய் நின்றது. அவர் மட்டும் இந்தப் பக்கம் நின்றார். கண்ணைத் திறந்து, ஒன்றும் புரியாமல், குழுவைப் பார்த்து, என்ன பாட வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை, உதடு அப்படியே குவிந்திருக்கிறது. பாட்டு நின்றது. அரங்கம் முழுக்க ஒரு த்சொ. பின்னால் இருந்தவர் தெளிவாகவே சொன்னார், "பாவம், வயசாயிடுச்சு, தாளம் நிக்கல."

சுகுணவதி கை கூப்பினார். "மன்னிக்கணும். வயசாச்சு. சரியாப் பாடம் பண்ணல, என் தப்புதான். திருப்பிப் பாடிடுறேன்." கைதட்டல், ஆறுதலுக்குத் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல். குழுத் தலைவர் குனிந்து அவர் காதுப் பக்கம் ஏதோ சொன்னார், விரலால் எண்ணிக் காட்டினார், இங்கே ஒன்று, இங்கே தாண்ட வேண்டும் என்று. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுபடி சரணம். இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. குழுத் தலைவரின் விரலையே பார்த்துக்கொண்டு பாடினார். வாராமல் போனாலும், விரல் தாண்டியது, வாசல் திறந்திருக்கு. பிசகில்லாமல். அரங்கம் எழுந்து நின்று தட்டியது, விசில் வேறு. ஹேமாவும் எழுந்து நின்று தட்டினாள். நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தேன். இதற்கு நான் வராமலே இருந்திருக்கலாம். அவர் தொண்டையில் பத்திரமாக இருந்தது, ஐம்பது வருஷமாக யாருக்கும் தெரியாமல், அவருக்கே தெரியாமல் இருந்தது. அதையும் வெளியே இழுத்துத் திருத்தி அனுப்பியாயிற்று.

ஹேமா உட்கார்ந்தாள். என் பக்கம் சாய்ந்து, "அப்பா, முதல் தடவை பாடும்போது 'கோ'ன்னு ஏதோ ஆரம்பிச்சாங்களே, கவனிச்சீங்களா?" என்றாள். இதற்காகத்தானே வந்தேன். வாயைத் திறந்தேன். "வயசாச்சுல்ல" என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. ஹேமா "ம்" என்று மேடையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். ஆமாம் என்று சொன்னால் எப்படிப் போயிற்று என்று கேட்பாள், அதற்குப் பயந்து அறிவிப்பாளர் வாய் முந்திக்கொண்டது. மரியதாஸ் தேய்மானம் என்று எழுதினார், நான் வயது என்று எழுதிவிட்டேன். மேடையில் அடுத்த பாட்டுக்கு இடையில் சுகுணவதி குழுத் தலைவரைக் கூப்பிட்டு ஏதோ சொல்கிறார். மைக் இல்லை, கேட்கவில்லை, ஆனால் கன்னத்தில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார், தப்புப் பண்ணிவிட்டேன் என்று. சிரித்துக்கொண்டேதான் தட்டிக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஹேமா." "என்னப்பா, பாத்ரூம் போணுமா?" "இல்ல. அது அவங்க தப்பு இல்ல. அந்த வார்த்தை இருந்துச்சு. நான்தான் அதைக் கெடுத்தேன், தட்டுல முள்ளை வேகமா வச்சு, கீறிட்டேன்." அவள் முகத்தில் சந்தேகம்தான் முதலில் தெரிந்தது, சர்க்கரை குறைந்துவிட்டதா இவருக்கு என்கிற சந்தேகம். அப்புறம் மெதுவாக அது மாறியது. "எப்ப?" என்றாள். "நீ பிறக்கிறதுக்கு முன்னால. உங்கம்மாகூடச் சண்டை போட்டுட்டு, சொல்லிக்காமக்கூட டூட்டிக்குப் போன நாள் ஒண்ணு. அன்னைக்கு." ஹேமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது, குரலில் மட்டும் உலகம்மாள் இருந்தாள். "எந்த நாளுப்பா? சண்டை போடாமப் போன நாளைச் சொல்லுங்க. அதுன்னா ஈசியா ஞாபகம் வச்சுக்கலாம்."